வைரஸ் மரபணுவிலிருந்து நோய்ப்பரவலைக் கணக்கிடுவது எப்படி? எபோலா தரவை வைத்து ஒரு தொடக்கப் பயிற்சி

2014 மே கடைசி வாரத்தில் சியரா லியோனின் கெனெமா அரசு மருத்துவமனையில் அந்நாட்டின் முதல் எபோலா நோயாளி உறுதிசெய்யப்பட்டார். அடுத்த சில வாரங்களில் அங்கே எடுத்த ரத்த மாதிரிகளிலிருந்து ஆய்வாளர்கள் 78 பேருடைய வைரஸைப் படித்து 99 ஜீனோம்களை, அதாவது முழு மரபணு வரிசைகளை, திரட்டினார்கள். கட்டுரை அச்சாகும்வரை காத்திருக்காமல், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று உடனுக்குடன் ஜென்பேங்க் என்ற பொது மரபணுத் தரவுத்தளத்தில் ஏற்றியும் விட்டார்கள். கட்டுரை வெளிவந்தபோது அதன் ஆசிரியர்களில் ஐந்து பேர் எபோலாவுக்குப் பலியாகியிருந்தார்கள். கெனெமாவில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர் ஷேக் ஹுமர் கான் அவர்களில் ஒருவர். நாம் லேப்டாப்பில் சாதாரணமாகத் திறக்கிற, மரபணு எழுத்துகள் வரிசையாக இருக்கும் அந்த ஃபாஸ்டா கோப்பின் விலை அது.

இந்தத் துறையைப் பழக மேற்கு ஆப்பிரிக்க எபோலாவைவிட நல்ல தரவு இல்லை என்பது என் எண்ணம். மொத்தம் 28,600க்கும் மேற்பட்ட நோயாளிகள், 11,300க்கும் மேற்பட்ட மரணங்கள். அவற்றில் 1,610 பேருடைய ஜீனோம்கள், அதாவது ஏறக்குறைய 5%, தேதியோடும் மாவட்டத்தோடும் பொதுவில் கிடைக்கின்றன. களத்தில் நடந்த விசாரணைகளும் எழுதப்பட்டிருப்பதால், நம் கணக்கு சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் வழி இருக்கிறது. கொஞ்சம் உயிரியல், கொஞ்சம் புள்ளியியல், ஒரு சாதாரண லேப்டாப் இருந்தால் போதும்.

அடிப்படை

ஓலைச்சுவடியைப் படியெடுப்பவர் ஓரிடத்தில் பிழை விட்டால், அந்தப் படியைப் பார்த்து எழுதப்பட்ட எல்லாப் படிகளிலும் அதே பிழை வரும். எந்தப் பாடபேதம் எந்தெந்தச் சுவடியில் இருக்கிறது என்று பார்த்தே எது எதிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். வைரஸும் தன்னைப் படியெடுக்கும்போது பிழை விடுகிறது. ஆர்.என்.ஏ வைரஸ்களில் அந்தப் பிழைகள், அதாவது பிறழ்வுகள், நோய் பரவுகிற அதே வேகத்தில் சேர்வதால்தான் இந்தக் கணக்கெல்லாம் சாத்தியமாகிறது.

எபோலாவின் ஜீனோம் 18,959 எழுத்து நீளம். மேற்கு ஆப்பிரிக்கப் பரவலில் அதன் பிறழ்வு வேகம் ஓர் எழுத்துக்கு ஆண்டொன்றில் சுமார் 0.0012. இரண்டையும் பெருக்கினால் ஆண்டுக்கு 22, 23 மாற்றம் வருகிறது. அதாவது ஏறக்குறைய 16 நாளுக்கு ஒன்று. ஒருவருக்கு நோய் கண்டதிலிருந்து அவரிடமிருந்து தொற்றியவருக்கு நோய் காணும் வரையுள்ள இடைவெளியோ சராசரியாக 15 நாள். ஆக, ஒரு கைமாற்றத்துக்கு ஏறக்குறைய ஒரு பிறழ்வு. எந்த வைரஸை எடுத்தாலும் முதலில் இந்த ஒரு பெருக்கலைச் செய்யுங்கள். மரபணு எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும், எதற்குச் சொல்லாது என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

கேள்வியை முதலில் எழுதுங்கள்

மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு வரியில் கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பரவல் எப்போது தொடங்கியது? எவ்வளவு வேகமாக வளர்ந்தது? இந்த மாவட்டத்துக்குள் ஒரு முறை நுழைந்ததா, பலமுறை நுழைந்ததா? ஒவ்வொன்றுக்கும் வேண்டிய மாதிரிகள் வேறு. தொடக்கத்தைக் கணிக்க ஆரம்பகால மாதிரிகள் வேண்டும். வளர்ச்சிக்கு மாதக்கணக்கில் பரந்து எடுத்தவை வேண்டும். நுழைவை எண்ண வேண்டுமென்றால் பக்கத்து மாவட்டங்களின் மாதிரிகளும் இருந்தாக வேண்டும். ஒரு மருத்துவமனையில் ஒரே வாரத்தில் எடுத்த 60 மாதிரியை வைத்துக்கொண்டு நாடு முழுவதுக்கும் ஆர் மதிப்பு (ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்ற வைக்கிறார் என்ற எண்) சொல்ல முடியாது.

ஜீனோமும் தேதியும்

1,610 ஜீனோம்களின் தொகுப்பை கிட்ஹப் என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தில் அதன் ஆய்வாளர்களே வைத்திருக்கிறார்கள். முதல் தடவைக்கு அவ்வளவும் வேண்டாம். நூறு, நூற்றைம்பது எடுத்தால் போதும். அதற்கும் முன்னால், நெக்ஸ்ட்ஸ்ட்ரெய்ன் தளத்தில் இருக்கிற, எந்த வைரஸ் எதிலிருந்து கிளைத்தது என்று காட்டும் எபோலா மரத்தை ஒரு மணி நேரம் சும்மா கிளிக் செய்து பாருங்கள். கடைசியில் நாம் எங்கே போய் நிற்கப்போகிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும்.

ஜீனோமைவிட அதனுடன் வரும் அட்டவணைக்கே அதிக நேரம் கொடுங்கள். இந்த வேலையில் தப்பாகப் போகிற பெரும்பாலான கணக்குகள் அங்கேதான் தப்பாகின்றன. நமக்கு வேண்டியது மாதிரி எடுத்த தேதி. அந்தக் கட்டத்தில் சிலர் அறிகுறி தெரிந்த தேதியைப் போட்டிருப்பார்கள், சிலர் தளத்தில் ஏற்றிய தேதியைப் போட்டிருப்பார்கள். 16 நாளுக்கு ஒரு பிறழ்வு என்கிற கடிகாரத்தில் மூன்று வாரத் தவறு சின்ன விஷயம் இல்லை. ‘2014’ என்று ஆண்டு மட்டும் இருந்தால் ஜனவரி 1 என்று நிரப்பிவிடாதீர்கள். தேதி நிச்சயமில்லை என்று மென்பொருளிடமே சொல்ல, பின்னால் நாம் பயன்படுத்தப்போகும் ட்ரீடைம், பீஸ்ட் இரண்டிலும் வழி இருக்கிறது. அட்டவணையை எக்செலில் திறந்தால் தேதிகளின் அமைப்பு தானாக மாறிவிடும், நாளும் மாதமும் இடம் மாறிப்போகும். ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில், வெறும் எழுத்தாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: 78 பேரிடமிருந்து 99 ஜீனோம் என்றால், சிலரிடம் வெவ்வேறு நாளில் இரண்டு மூன்று முறை எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். பரவலைக் கணக்கிடும்போது ஒரு நோயாளிக்கு ஒரு ஜீனோம்தான். இல்லாவிட்டால் ஒருவர் உடலுக்குள் நடந்ததைப் பலரிடையே நடந்த பரவலாக மென்பொருள் எண்ணிக்கொள்ளும்.

சுத்தம் செய்து வரிசையில் நிறுத்துதல்

ஜீனோம்களை ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒத்த எழுத்துகள் ஒரே நெடுவரிசையில் வரும்படி நிறுத்துவதை அலைன்மென்ட் என்பார்கள். மாஃப்ட் என்ற மென்பொருள் இதை நன்றாகவே செய்கிறது. எபோலா அளவுள்ள தரவுக்குச் சில நிமிடம்தான். முடிந்ததும் அலிவியூ மாதிரி ஏதாவது ஒன்றில் திறந்து கண்ணால் பாருங்கள். படிக்க முடியாத எழுத்துகள் நிறைய இருக்கும் ஜீனோமைத் தள்ளிவையுங்கள். இரண்டு முனைகளிலும் வாசிப்பு பலவீனமாக இருக்கும், அங்கே தெரியும் மாற்றங்களை நம்ப வேண்டாம்.

எபோலாவில் ஒரு விசேஷம் உண்டு. சில ஜீனோம்களில் சில நூறு எழுத்து நீளமுள்ள ஒரே துண்டுக்குள் ஐந்தாறு டி எழுத்துகள் மொத்தமாக சி ஆகியிருக்கும். நம் உடலின் நொதி ஒன்று வைரஸின் ஆர்.என்.ஏவை ஒரே மூச்சில் திருத்தியதன் தடமாக அது இருக்கலாம். ஒரே நிகழ்வு, ஆனால் கடிகாரம் அதை ஐந்தாறு பிறழ்வாக எண்ணி, மூன்று மாதம் ஓடிவிட்டது என்று சொல்லும். இப்படிப்பட்ட துண்டுகளை மறைத்துவிட்டுக் கணக்கிட வேண்டும். மாஃப்ட் இதை நமக்காகக் கண்டுபிடித்துத் தராது. அலைன்மென்டைக் கண்ணால் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

மரமும் அதன் வேரும்

ஐக்யூ-ட்ரீ என்ற மென்பொருளில் அலைன்மென்டைக் கொடுத்தால் மரம் கிடைக்கும். பிறழ்வுகள் சேரும் விதத்தைச் சொல்லும் எந்தக் கணித மாதிரி பொருந்துகிறது என்பதை அதுவே சோதித்துச் சொல்லும். கிளை நீளங்கள் 0.00005 என்பது மாதிரி வரும், பயப்பட வேண்டாம். 18,959ஆல் பெருக்கினால் அது ஒரு பிறழ்வு. இந்தப் பெருக்கலை மனதிலேயே செய்யப் பழகிக்கொண்டால் மரம் சட்டென்று பேச ஆரம்பித்துவிடும்.

வேர் எங்கே, அதாவது எல்லாக் கிளைகளும் தொடங்கும் பொது மூதாதை மரத்தில் எங்கே, என்பது தனிப் பிரச்சினை. 2014இல் கினியாவின் முதல் ஜீனோம்கள் வந்தபோது, தூரத்து உறவான மற்ற எபோலா இனங்களை வைத்து வேரை நிறுத்தினார்கள். மத்திய ஆப்பிரிக்க வைரஸிலிருந்து தனியாகப் பிரிந்த ஒரு பழைய கிளை மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்திருக்கிறது என்ற தோற்றம் அதனால் வந்தது. பிறகு, மாதிரிகளின் தேதிகளைக் கொண்டு வேரை நிறுத்திப் பார்த்தபோது கதை மாறியது: கினியா வைரஸ் மத்திய ஆப்பிரிக்க வைரஸ்களிலிருந்து அண்மையில் கிளைத்ததுதான். அதே ஜீனோம்கள்தான், வேர் மட்டும் இடம் மாறியது. தூரத்து உறவை வைத்து வேர் கண்டால், தேதியை வைத்தும் ஒரு முறை கண்டு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கடிகாரம் ஓடுகிறதா?

மொத்தப் பயிற்சியிலும் எனக்கு முக்கியமாகப் படுகிற படி இது. டெம்ப்எஸ்ட் என்ற சின்ன மென்பொருளில் மரத்தையும் தேதிகளையும் கொடுங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் கிடைமட்டத்தில் தேதி, செங்குத்தில் வேரிலிருந்து அது எத்தனை பிறழ்வு தள்ளி இருக்கிறது என்ற அளவு என்று ஒரு படம் வரும். பின்னால் எடுத்த மாதிரிகள் மேலே மேலே போனால் கடிகாரம் ஓடுகிறது. அந்தக் கோட்டின் சாய்வுதான் பிறழ்வு வேகம். கோடு கீழ் அச்சைத் தொடும் இடம்தான் பொது மூதாதையின் தேதி.

கோட்டை விட்டு வெகுதூரம் தள்ளி நிற்கும் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து யாரென்று பாருங்கள். தேதி தவறு, வாசிப்புப் பிழை, மேலே சொன்ன டி-சி கொத்து என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் அகப்படும். காரணம் கிடைக்காத புள்ளியை, படம் அழகாக வர வேண்டும் என்பதற்காக மட்டும் நீக்காதீர்கள். மேகம் மாதிரிச் சிதறி, சாய்வே இல்லாமல் இருந்தால் அந்தத் தரவில் காலம் பற்றிய சேதி இல்லை. அதற்கு மேல் போய் தேதி கணிப்பதில் பயனில்லை.

ஓர் எச்சரிக்கை. 2014இன் நடுப்பகுதியில், சில மாதத் தரவை மட்டும் வைத்து மதிப்பிட்ட வேகம் ஏறக்குறைய 0.002. இரண்டு ஆண்டுத் தரவு சேர்ந்தபின் அது 0.0012க்கு இறங்கியது. வைரஸ் வேகம் குறைத்துக்கொள்ளவில்லை. வைரஸுக்குக் கேடான பிறழ்வுகள் கொஞ்ச நாளில் அழிந்துபோகும். குறுகிய காலத்தில் பார்த்தால் அவையும் கணக்கில் சேர்ந்துகொள்கின்றன. வேகத்தைக் கூடுதலாக வைத்தால் காலம் சுருங்கும், தொடக்கத் தேதி உண்மையைவிடப் பிந்தியதாக வரும். சில வாரத் தரவு மட்டுமே கையில் இருந்தால், பெரிய தரவிலிருந்து ஏற்கெனவே கிடைத்த வேகத்தை எடுத்துப் பயன்படுத்துவதே மேல்.

காலமரம்

இப்போது மரத்தின் கிளைகளை நாட்களாக மாற்றலாம். ட்ரீடைம் சில நிமிடத்தில் முடித்துவிடும். முதலில் அதில் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் பீஸ்ட். அது ஒரே ஒரு மரத்தைத் தராமல், தரவோடு ஒத்துப்போகிற ஆயிரக்கணக்கான மரங்களைத் திரட்டி, ஒவ்வொரு விடையையும் 95% வீச்சோடு தரும். மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஓடும். முடிந்ததும் ட்ரேசர் என்ற துணை மென்பொருளில் திறந்து, ஒன்றையொன்று சாராத எத்தனை மதிப்பீடுகளுக்கு அது சமம் என்று காட்டும் ஈ.எஸ்.எஸ் என்ற எண் எல்லாவற்றுக்கும் 200க்கு மேல் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இன்னும் ஓட வேண்டும். ஒரே கணக்கை இரண்டு முறை தனித்தனியாக ஓட்டி, இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வருகிற தேதியை எப்படிப் படிப்பது? கெனெமா ஆய்வில், அதுவரை படித்த கினியா, சியரா லியோன் ஜீனோம்கள் எல்லாவற்றுக்கும் பொது மூதாதை 2014 பிப்ரவரி 23ஐ ஒட்டி, ஜனவரி 27க்கும் மார்ச் 14க்கும் நடுவில் என்று வந்தது. ஆனால் களவிசாரணை, நோய் 2013 டிசம்பரிலேயே கினியாவின் மெலியாண்டூ கிராமத்தில் தொடங்கிவிட்டது என்று சொன்னது. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை. மரம் சொல்வது, நாம் மாதிரி எடுத்தவர்களின் சங்கிலிகள் எங்கே சேர்கின்றன என்பதை மட்டுமே. அதற்கு முன் நோயுற்றவர்கள், சங்கிலி அறுந்துபோனவர்கள் யாரும் அதில் தெரிய மாட்டார்கள். முதல் நோயாளியின் தேதி பொது மூதாதையின் தேதிக்கு முன்னால்தான் இருக்கும், பின்னால் இருக்க முடியாது. ‘நோய் இந்தத் தேதியில் தொடங்கியது’ என்று எழுதாமல், ‘இந்தத் தேதிக்குள் தொடங்கிவிட்டது’ என்று எழுதுங்கள்.

வளர்ச்சி வேகமும் ஆர் மதிப்பும்

மரத்தின் வடிவமே வளர்ச்சியைச் சொல்லும். நோய் மளமளவென்று பெருகும்போது ஒவ்வொரு சங்கிலியும் தனித்தனியாக நீண்டு, கிளைகள் வேருக்குப் பக்கத்திலேயே கூடும். மரம் நட்சத்திரம் மாதிரி இருக்கும். பெருகாமல் ஒரே அளவில் இருந்தால் நுனிகளுக்குப் பக்கத்திலும் நிறையக் கூடல்கள் இருக்கும். கூடல்களின் நேரத்திலிருந்து வளர்ச்சியைக் கணக்கிடும் முறைக்கு அடிப்படையான கோட்பாட்டை 1982இல் கிங்மன் வகுத்தார். பீஸ்டில் அதையும், தொற்றைப் பிறப்பாகவும் தொற்றும் காலம் முடிவதை இறப்பாகவும் எண்ணும் பிறப்பு-இறப்பு மாதிரியையும் தேர்ந்தெடுக்கலாம்.

கிடைக்கிற வளர்ச்சி வேகத்தை ஆர் மதிப்பாக்குவது கையாலேயே செய்யக்கூடிய கணக்கு. 2014 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் குழு சியரா லியோனில் நோயாளி எண்ணிக்கை 30 நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பதாகக் கணித்தது. இரட்டிப்புக்குரிய 0.693ஐ (2இன் இயல்மடக்கை) 30ஆல் வகுத்தால் நாளுக்கு 0.023. அதை 15 நாளால் பெருக்கினால் 0.345. கைமாற்ற இடைவெளி எல்லோருக்கும் சரியாக 15 நாள் என்று வைத்தால் ஆர், e-இன் 0.345ஆம் அடுக்கு, அதாவது 1.41; அது ஆளுக்கு ஆள் மிகவும் மாறும் என்று வைத்தால் 1 + 0.345, அதாவது ஏறக்குறைய 1.35. அந்தக் குழு சொன்னது 1.38. உங்கள் மரத்திலிருந்து வரும் வளர்ச்சி வேகத்தையும் இதே வழியில் மாற்றி, நோயாளி எண்ணிக்கையிலிருந்து வந்ததோடு ஒப்பிடுங்கள். இரண்டு வழியும் ஓரளவு சேர்ந்து வந்தால் நம்பிக்கை கூடும். வெகுதூரம் விலகினால் முதலில் மாதிரி எடுத்த விதத்தைச் சந்தேகப்படுங்கள்.

மென்பொருள் தரும் ‘பயனுறு எண்ணிக்கை’ நோயாளிகளின் எண்ணிக்கை அல்ல. எபோலாவில் பலர் யாருக்கும் தொற்ற வைக்கவில்லை, சிலர் பலருக்குத் தொற்ற வைத்தார்கள். அந்த ஏற்றத்தாழ்வு கூடக்கூட அந்த எண் நிஜ எண்ணிக்கையைவிடக் குறைந்துகொண்டே போகும். ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

இடம் விட்டு இடம்

சியரா லியோனின் முதல் நோயாளிகள் பலர் ஒரே இறுதிச் சடங்கில் தொற்றியவர்கள். அப்படியானால் ஒரே வகை வைரஸ் இருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். ஜீனோம்கள் இரண்டு கிளைகளைக் காட்டின. அவை பிரிந்தது ஏப்ரல் கடைசியில், சியரா லியோனில் அவை தென்பட்டதோ மே கடைசியில். கினியாவில் அப்போது சுற்றிக்கொண்டிருந்த இரண்டு கிளைகளும் அந்தச் சடங்கு வழியாக எல்லை தாண்டியிருக்க வேண்டும். களவிசாரணை மட்டும் இருந்திருந்தால் இரண்டு என்பது தெரிந்திருக்காது. ஜீனோம் மட்டும் இருந்திருந்தால் சடங்கு தெரிந்திருக்காது.

ஒவ்வொரு நுனிக்கும் மாவட்டத்தின் பெயரைக் கொடுத்தால், உள்கிளைகள் எந்த மாவட்டத்தில் இருந்திருக்கும் என்று ட்ரீடைமும் பீஸ்டும் கணிக்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அதிக மாதிரி எடுத்த மாவட்டம், நோயை ஏற்றுமதி செய்த மாவட்டமாகத் தெரியும். நோயாளி எண்ணிக்கைக்கு ஏற்ற விகிதத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் மாதிரிகளைக் குலுக்கி எடுத்து, பலமுறை ஓட்டிப் பாருங்கள். எண்ணிக் கிடைக்கும் நுழைவுகளை ‘குறைந்தபட்சம் இத்தனை’ என்றே சொல்லுங்கள்.

யாரிடமிருந்து யாருக்கு?

புதிதாக வருகிற எல்லோரும் கேட்கிற கேள்வி. ஒரு கைமாற்றத்துக்குச் சராசரி 0.94 பிறழ்வு (15ஐ 16ஆல் வகுத்தது) என்றால், ஒன்றுமே மாறாமல் இருக்கும் வாய்ப்பு 39%. பத்து ஜோடிகளில் நான்கில் தந்தவர், பெற்றவர் இருவரின் ஜீனோமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும். அதனால் மரத்தை வைத்து ‘இவர்தான் இவருக்குக் கொடுத்தார்’ என்று சொல்ல முடியாது. ஆனால் ‘இவர் கொடுத்திருக்க முடியாது’ என்று பல சமயம் சொல்லலாம்: தொடர்பு இருந்ததாகச் சந்தேகிக்கப்படும் இருவரிடையே எட்டுப் பிறழ்வு இருந்தால் அந்தச் சந்தேகத்தை விட்டுவிடலாம்.

அதற்கும் ஒரு விதிவிலக்கைக் களம் கற்றுத்தந்தது. எபோலா, குணமானவர்களின் உடலில் சில இடங்களில் மாதக்கணக்கில், ஏன் ஆண்டுக்கணக்கில்கூட ஒதுங்கி இருக்கும்; அப்போது பிறழ்வுகள் மெதுவாகவே சேரும். 2021இல் கினியாவில் மறுபடி நோய் வந்தபோது வைரஸைப் படித்தார்கள். 2014 பரவலின் வைரஸோடு அது மிக நெருக்கமாக இருந்தது. மனிதரிடையே விடாமல் பரவியிருந்தால் ஏழு ஆண்டில் சேர வேண்டிய பிறழ்வுகள் அதில் இல்லை. விலங்கிலிருந்து புதிதாக வரவில்லை, பழைய பரவலில் பிழைத்தவர் ஒருவரிடம் ஒதுங்கியிருந்ததுதான் திரும்ப வந்திருக்கிறது என்ற முடிவுக்கு அதனால்தான் வந்தார்கள். டெம்ப்எஸ்ட் படத்தில் கோட்டுக்கு வெகுவாகக் கீழே நிற்கும் புள்ளி இப்படியும் வரலாம்.

விடையைச் சோதித்து, எழுதி அனுப்புதல்

தேதிகளை மாதிரிகளுக்கிடையே கண்டபடி மாற்றிப் போட்டுக் கணக்கை மறுபடி ஓட்டுங்கள். கலைத்த தேதிகளுக்கும் அதே வேகம் வந்தால் உங்கள் பழைய விடை தரவிலிருந்து வரவில்லை, நீங்கள் முன்கூட்டிக் கொடுத்த அனுமானத்திலிருந்து வந்திருக்கிறது. பாதி மாதிரிகளை எடுத்துவிட்டும் ஒரு முறை ஓட்டுங்கள்.

வேறு வைரஸுக்குப் போகும்போது அதன் இயல்பைப் பாருங்கள். இன்ஃப்ளூயன்சா ஏ வைரஸின் ஜீனோம் எட்டுத் துண்டு. வெவ்வேறு வைரஸ்கள் இந்தத் துண்டுகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்வதால் ஒவ்வொன்றுக்கும் தனி மரம் போட வேண்டும். எச்.ஐ.வி. இரண்டு வைரஸ் கலந்து ஒன்றாகும் பழக்கமுள்ளது. கலந்த இடங்களைக் கண்டுபிடிக்காமல் ஒரே மரம் போடக் கூடாது.

எழுதும்போது ஒவ்வொரு எண்ணோடும் அதன் வீச்சையும், மாதிரி எந்தெந்த மாவட்டத்தில் எந்தெந்த மாதம் எடுத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஜீனோமோடு ஏற்றும் அட்டவணையில் மாவட்டம் வரை போதும். கிராமப் பெயர், வயது, தொழில் மூன்றும் சேர்ந்தால் சிறிய ஊரில் ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள். எபோலாவிலிருந்து பிழைத்தவர்களை வீட்டுக்குள் சேர்க்க மறுத்த ஊர்கள் இருந்தன. 2015இல் கினியாவில், 50 கிலோவுக்குள் அடங்கிய கருவிகளோடு போன குழு, மாதிரி கைக்கு வந்து 24 மணி நேரத்துக்குள் விடை தர முடியும் என்று காட்டியது. அவ்வளவு சீக்கிரம் விடை வரும்போது அதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள், அந்த மாவட்டத்தில் வீடு வீடாகத் தொடர்புகளைத் தேடிக்கொண்டிருக்கும் களப்பணியாளர்கள். ‘இந்த மூன்று பேரும் ஒரே சங்கிலி, நான்காமவர் வேறு, அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தனியாக விசாரியுங்கள்’ என்று நாலு வரியில் அவர்களுக்கு எழுதி அனுப்பிவிட்டு, அப்புறம் கட்டுரைக்கு உட்காருங்கள்.